பின்சக்கரங்களின் பங்கு

ஒவாக்கா
மே 11, 1999

டூகலுக்கு,

இனி ஃபோன் பண்ண வேண்டாம் என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். எனக்கும் அதுதான் வசதி. ஃபோனில் நான் என்ன பேசுவேன் என்று உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் விட்டுவிடு.

என் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள். மார்ச் ரேலியில் ஒரே வண்டியில்தான் உருண்டோம். எனக்கு மணிக்கட்டு, உனக்கு நெஞ்சுக்குக் கீழே எல்லாம். முன்னால் போன வண்டி அந்தக் கல்லை இழுத்துப் பாதையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் ஒரு தடவை சொல்லி வைக்கிறேன்.

வண்டியை நிமிர்த்திவிட்டோம். உன் சிநேகிதன் வைரேமு வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்துவிடுகிறான். கூரையையும் இடது கதவையும் மாற்றினோம். உள்ளே நம்மைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டு வளையவே இல்லை. எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. வைரேமு அழுதான். நான் பானட்டைச் சாத்தினேன்.

நீ விற்கச் சொன்னாயாம். கோர் ஊரிலிருந்து நெவில் என்பவர் வந்து பார்த்தார். ஓடவிட்டுக் காட்டச் சொன்னார். அம்மா அவர் கையில் சாவியைக் கொடுக்கவில்லை, நான் ஓட்டினேன். உன் இருக்கையில் நான், என் இருக்கையில் அவர். குவாரி வளைவு வரை போய்த் திரும்பினோம். வந்ததும் டேஷ்போர்டில் இருக்கும் இழுவை டயலைக் காட்டிக் கேட்டார்: "உங்கண்ணன் அந்த டயலை எதுல வச்சு ஓட்டுவாரு?"

"ரெண்டுல."

"ரெண்டா? சரளைக்கல்லு ரோட்டுலயா? அப்ப பின்னாடி ஆடத்தானே செய்யும். அதான் இப்படி ஆயிருக்கு."

அப்போதுதான் அம்மா டீயை அவர் கையில் கொடுத்திருந்தாள். "கப்பை அங்கயே வச்சிட்டு கெளம்புங்க" என்றாள். அவர் குடிக்காமல் போனார். மறுநாள் ஃபோனில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வண்டி வேண்டும் என்றும் சொன்னார்.

விற்கவா? அம்மா வாயால் கேட்டது எனக்குப் போதாது. நீ எழுது.

உன் வார்டில் நான் நின்ற விதம் உனக்குப் பிடிக்கவில்லை. "கல்லு மாதிரி நிக்கிற. அழணும்னா அழு, இல்லன்னா போ. இனி வராத" என்றாய். போனேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஷோனா


கிறைஸ்ட்சர்ச்
மே 17

ஷோனா,

விற்றுவிடு. என் கையெழுத்து போதுமா, முத்திரையும் வேண்டுமா?

நெவில் சொன்னதில் பாதி சரி. இரண்டில் பின்பக்கம் ஆடும். ஆட வேண்டும் என்றுதான் இரண்டில் வைப்பேன். அன்று கல் இருந்த இடத்தில் ஆறில் வைத்திருந்தாலும் உருண்டிருப்போம். அவரிடம் சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குவாரி வளைவில் நீ எதில் வைத்திருந்தாய்? ஆறில்தானே? வாயில்லாப்பூச்சி ஸ்டீயரிங் பிடித்தால் ஆறில்தான் வைக்கும். குழந்தையை வைத்து வண்டி தள்ளுவது போலப் போயிருப்பாய்.

சும்மாதான் கேட்கிறேன். இங்கே செய்ய ஒன்றும் இல்லை.

வர வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான்.

டூகல்


ஒவாக்கா
மே 24

டூகலுக்கு,

ஆறில்தான் வைத்திருந்தேன்.

நீ கேட்டதால் நேற்று மறுபடி போனேன். பால் டேங்கர் போனபின் அந்தச் சாலையில் யாரும் வருவதில்லை. ஒரே வேகம், ஒரே வளைவு. டயலை மட்டும் மாற்றினேன்.

ஆறில் வைத்தால், நான் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் நேராகவே போகிறது, கூப்பிட்டது காதில் விழாதவர் போல. வளைவை விட்டு வெளியே வரும்போது மட்டும் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அசையாமல் நேராக இழுத்துக்கொண்டு போகிறது.

ஒன்றில் வைத்தால், திருப்புவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது. பின்பக்கம் என்னைக் கேட்காமல் கிளம்பிப் போனது. நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், இன்னும் மோசமாயிற்று. வேலியோரம் நிறுத்தினேன். ஆடுகள் எல்லாம் தலை தூக்கிப் பார்த்தன.

மூன்றில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நெவில் மறுபடி ஃபோன் பண்ணினார். நீ பதில் எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். பொய்தான். மூன்றைப் பற்றி உன்னிடம் கேட்டுவிட்டு விற்கலாம் என்று நினைத்தேன்.

ஷோனா


கிறைஸ்ட்சர்ச்
ஜூன் 2

ஷோனா,

சொல்லத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஒன்றில் காலை எடுத்தது மட்டும் தப்பு. எடுத்தால் கனம் முழுக்க முன்னால் சாயும், பின்சக்கரம் தரையில் லேசாகிவிடும். மிதித்திருக்க வேண்டும். அதற்குத் துணிச்சல் வேண்டும், சரி, விடு.

கேள். ஒரு டயருக்கு இருப்பது ஒரு பிடிதான். அந்தப் பிடியை இழுக்கவும் செலவழிக்கலாம், திரும்பவும் செலவழிக்கலாம். முன்சக்கரத்தின் தலையில் நிறைய இழுவையை ஏற்றினால் திரும்ப அதனிடம் மிச்சம் இருக்காது. அதனால்தான் ஆறில் நேராகப் போகிறது. ஆறு என்றால் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்கிறது. முன்னும் பின்னும் சரிபாதி. ஒன்று என்றால் முன்னுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி எல்லாம் பின்னுக்கு. முன்சக்கரம் நிம்மதியாகத் திரும்பும். பின்சக்கரம் தன் பிடி எல்லாவற்றையும் இழுப்பதிலேயே செலவழித்துவிட்டுப் பக்கவாட்டில் போகும். அந்த டயல் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடும் கை. அவ்வளவுதான்.

பின்பக்கம் போகப்போகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது தாமதமாகியிருக்கும். உட்காரும் இடத்தில்தான் முதலில் தெரியும். இடுப்புக்கு அடியில் யாரோ விரிப்பை மெல்ல உருவுவது போல. மூன்றில் அது வரும், மிக லேசாக. கவனி.

எனக்கு அந்த இடம் இப்போது இல்லை. திங்கள்கிழமைதோறும் ஒருத்தி ஊசியோடு வருகிறாள். குத்திக் குத்தி "தெரியுதா? இங்க? இங்க தெரியுதா?" என்று கேட்பாள். அவள் புருவத்தைப் பார்த்தே குத்துகிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஒரு வாரம் எல்லாவற்றுக்கும் "தெரியுது" என்று சரியாகச் சொன்னேன். சந்தோஷத்தில் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் என் முகத்துக்குக் குறுக்கே ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டார். முடிந்தது.

இதை அம்மாவிடம் சொல்லாதே.

ஜூலையில் கார் கிளப்காரர்கள் சாலையை மூடிப் பந்தயம் ஓட்டுவார்கள் அல்லவா? அதில் ஒரு தடவை மூன்றில் ஓட்டிவிட்டு எழுது. பிறகு விற்றுவிடு. இந்தத் தடவை நிஜமாக.

டூகல்


ஒவாக்கா
ஜூலை 12

டூகலுக்கு,

நேற்று ஓட்டினேன்.

பேர் கொடுக்கிற மேசைக்குப் போகவே வெகுநேரம் ஆயிற்று. நோலீன்தான் வழக்கம்போல நேரம் குறிக்க உட்கார்ந்திருந்தாள், ஜூலைக் குளிருக்குக் காலில் சுடுதண்ணீர்ப் பையோடு. "என்னடி, வண்டிய ஓட்ட வந்தியா, கழுவ வந்தியா?" என்று கேட்டாள். நான் ஹெல்மெட்டைக் காட்டினேன். "வாயத் தெறந்து சொல்லுடி, நான் ஹெல்மெட்ட எழுதிக்க முடியாது" என்றாள். சொன்னேன். அவள் என்னை அணைத்துக்கொண்டாள். அவள் கோட்டில் சாஸேஜ் வாசனை அடித்தது. வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

முதல் ஓட்டம் மூன்றில். கடைசியிலிருந்து நான்காவதாக வந்தேன். எனக்கு முன்னால் ஓட்டி முடித்த ப்ரென்ட் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "டூகல் வண்டிய அவன் தங்கச்சி மேய்க்கக் கூட்டிட்டுப் போறா பாருங்க, கன்னுக்குட்டிய மாதிரி" என்றான். நோலீன் பேனாவைக்கூட நிறுத்தாமல், "நீ போன தடவ நெசமாலுமே கன்னுக்குட்டி மேல விட்டவன்தானடா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

நீ சொன்னதைக் கவனித்தேன். பாலத்துக்கு அப்புறம் வரும் நீண்ட இடது வளைவில் அது வந்தது. விரிப்பை உருவுவது போல என்றாய். எனக்கு அப்படி இல்லை; படியில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கும் என்று நினைத்துக் காலை வைப்போமே, அது மாதிரி. வயிறு வரை வந்தது. ஒரு கணம்தான். மார்ச்சிலிருந்து எனக்கு உடம்பில் ஏதாவது தெரிந்தது அந்த ஒரு கணம்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் ஆறில் வைத்தேன். பைன் மர நிழலில் உறைபனி இருந்தது. அங்கே திருப்பியபோது ஸ்டீயரிங் திடீரென்று கனம் இல்லாமல் போயிற்று, கயிற்றின் மறுமுனையை யாரோ விட்டுவிட்டது போல. அதற்குப் பிறகுதான் முன்பக்கம் வழுக்கியது. முன்னாலேயே கைக்குச் சொல்லிவிடுகிறது, டூகல். முன்சக்கரங்களுக்கு இழுவை கூடினால் வண்டி கையோடு பேசுகிறது. பின்சக்கரங்களுக்குக் கூடினால் உட்காரும் இடத்தோடு.

உனக்குக் கை இருக்கிறது.

மில்ட்டனில் ஒருவர் கையாலேயே ஓட்டும்படி வண்டிகளை மாற்றிக் கொடுக்கிறாராம். வைரேமு போய்ப் பார்த்து வந்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு வளையம், அதை அழுத்தினால் ஆக்சிலரேட்டர். இடது பக்கம் ஒரு நெம்புகோல், தள்ளினால் பிரேக். கியர்க் குச்சியின் தலையில் கிளட்சுக்கு ஒரு பொத்தான். எல்லாம் முடியும். ஆனால் உன் இரண்டு கையும் அதிலேயே போய்விடும். டயலைத் திருப்பக் கை மிச்சம் இருக்காது.

அதனால் டயலைக் கழற்றி என் பக்கம் வைத்துவிட்டேன். டேஷ்போர்டை வெட்ட வேண்டி வந்தது.

ஷோனா


கிறைஸ்ட்சர்ச்
ஜூலை 16

உன்னை யார் வெட்டச் சொன்னது?

இரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாலைக் குறிப்பு வாசித்தாய். ஒரு நாளாவது அந்த டயலைத் தொட விட்டிருக்கிறேனா? கையைத் தட்டிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அது ஓட்டுகிறவன் கை. பங்கு போடுவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் வேலை இல்லை.

நான் ஓட்டுவேன் என்று எங்கேயாவது எழுதினேனா?

நெவிலிடம் நானே பேசிவிட்டேன். 24ஆம் தேதி சனிக்கிழமை ட்ரெய்லரோடு வருவார். சாவியைக் கொடுத்துவிடு. வெட்டிய துண்டையும் கொடுத்துவிடு.

டூகல்


ஒவாக்கா
ஜூலை 25

டூகலுக்கு,

நெவில் வந்தார். கொடுக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அவர் கொட்டகை வாசலில் நின்று கையை நீட்டினார்.

"சாவி?"

"தரமாட்டேன்."

"என்னம்மா சொன்ன?"

"தரமாட்டேன்னு சொன்னேன்."

"உங்கண்ணன்கிட்ட பேசி முடிச்சாச்சே. அவருதான வரச் சொன்னாரு?"

"அவன் ஓட்டப்போறான்."

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா இறைச்சித் தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், இன்னும் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. "என்னப் பாக்காதீங்க. இவ இவ்ளோ பேசி நானே இப்பத்தான் கேக்குறேன்" என்றாள்.

நெவில் கோபப்படவில்லை. "நெஞ்சுக்குக் கீழ ஒண்ணும் தெரியாத ஆளு எப்படிம்மா ஓட்டுவாரு?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முன்பக்கம் அவன் பார்த்துப்பான், பின்பக்கம் நான் பார்த்துப்பேன் என்றேன்.

நம் வாசலில் ட்ரெய்லரோடு திரும்ப அவருக்கு வரவில்லை. மூன்று தடவை முயன்று வேலியை இடித்தார். கடைசியில் நான்தான் ஏறி ரிவர்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

நீ எழுதியிருந்தாய், பங்கு போடுவது என் வேலை இல்லை என்று. இருக்கலாம். உன் மேல் பரிதாபப்பட்டு இதைச் செய்யவில்லை. எனக்குப் பரிதாபமும் வரவில்லை. அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை. நோலீன் கட்டிக்கொண்டால் சாஸேஜ் வாசனை மட்டும் தெரிகிறது. அம்மா ராத்திரி அழுவது சுவர் வழியாகக் கேட்கும். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். அன்று வார்டில் உன் பக்கத்திலும் அப்படித்தான் நின்றேன். உன்னைக் கூர்ந்து பார்த்துக்கொண்டு, எனக்கு ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டு.

பின்பக்கம் நழுவுகிற அந்த ஒரு கணம் மட்டும் தெரிகிறது. உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறது, எனக்கு வேறு எதுவும் தெரிவதில்லை. அதை வீணாக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வண்டி உன் பெயரில் இருக்கிறது. போலீஸைக் கூட்டி வந்து வேண்டுமானால் எடுத்துக்கொள்.

ஷோனா


கிறைஸ்ட்சர்ச்
ஆகஸ்ட் 3

ஷோனா,

இந்த மாதக் கடைசி வாரம் சனி, ஞாயிறு வீட்டுக்குப் போய்வர விடுகிறார்கள். வைரேமு வந்து கூட்டிப்போவான். எதையும் எதிர்பார்க்காதே.

இருக்கையில் மெத்தென்று ஏதாவது போடு. தோல் உரிந்தால் எனக்குத் தெரியாது.

டூகல்


ஒவாக்கா
ஆகஸ்ட் 10

டூகலுக்கு,

அம்மா தொழிற்சாலையிலிருந்து ஆட்டுத்தோல் கொண்டு வந்தாள். மயிர் நீளமானது. இருக்கைக்குத் தைத்துவிட்டேன். தோள் பக்கம் இரண்டு தடுப்பு உயர்த்தியிருக்கிறோம், அங்கே உனக்குத் தெரியும் என்பதால். மில்ட்டன்காரர் வேலையை முடித்துவிட்டார். வளையத்தை லேசாகத் தொட்டாலே எஞ்சின் சீறுகிறது. முட்டை மாதிரி பிடிக்க வேண்டும்.

நான் தினமும் பழகுகிறேன். வைரேமு ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து டயலைத் திருப்புவேன். வளைவுக்குள் நுழைய இரண்டு, பாதியில் மூன்று, வெளியேற ஐந்து. அவன் சொல்லாமல் நானே செய்ய வேண்டும். சில நேரம் தாமதமாகிவிடுகிறது. "சாலையப் பாத்து பயப்படாத, டயலப் பாத்து பயப்படு" என்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஷோனா


கிறைஸ்ட்சர்ச்
ஆகஸ்ட் 31

ஷோனா,

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன். நீயும் பேசவில்லை. அம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே கல்லுல செஞ்சது" என்று சமையலறைக்குப் போனாள்.

வைரேமு என்னை ஆட்டைத் தூக்குவது போலத் தூக்கி அந்தக் கூண்டுக்குள் இறக்கினான். அது முடிந்த பிறகு எதற்கும் வெட்கம் மிச்சம் இல்லை.

நடந்ததை நானும் நடந்தபடி எழுதுகிறேன். கிளம்பியபோது ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குக் கீழே ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். கையில் முன்சக்கரம் தெரிந்தது. நீ எழுதியது சரி. தோளில் ஏதோ கொஞ்சம். பின்னால் வண்டியே இல்லை. கொட்டகையில் பாதி வண்டியை விட்டுவிட்டு வந்தது போல. முதல் வளைவில் நீ டயலைத் தாமதமாகத் திருப்பினாய், புல்லில் போய் நின்றோம். இரண்டாவதிலும் அப்படியே. போதும், திரும்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குவாரி வளைவைத் தாண்டாமல் அங்கே திரும்ப இடம் இல்லை.

குவாரி வளைவில் என் காதில் ஒரு சத்தம் கேட்டது. உன் ஹெல்மெட் மைக்கில் நீ மூச்சை உள்ளே இழுத்த சத்தம். அவ்வளவு சின்னது. என்ன என்று யோசிப்பதற்குள் என் கை ஸ்டீயரிங்கை மறுபக்கம் திருப்பிவிட்டது. அப்புறம்தான் பின்பக்கம் நழுவியது. நழுவி, நான் ஏற்கெனவே திருப்பி வைத்திருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. நீ ஐந்தில் வைத்தாய். வெளியே வந்தோம்.

அதன் பிறகு ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன். ஒரு தடவைகூட அது தப்பவில்லை. டயலில் உன் கை முந்தும், பிந்தும். மூச்சு பிந்துவதே இல்லை. நீ அதைச் செய்கிறாய் என்று உனக்கே தெரியாது, அதனால்தான் நேரில் சொல்லாமல் வந்தேன். சொன்னால் அடுத்த வளைவில் அடக்கிக்கொள்வாய். இப்போது எழுதிவிட்டேன். அடக்காதே.

சந்தோஷமாக இருந்ததா என்று அம்மா காரில் ஏற்றும்போது கேட்டாள். இல்லை. ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில், வைரேமுவின் காரில், தார்ச்சாலையில், ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நெவில் வார்டுக்கே ஃபோன் பண்ணினார். நர்ஸ் கொண்டு வந்து கொடுத்தாள். விலையைக் கூட்டிக் கொடுக்கிறேன் என்றார். விற்பதற்கில்லை என்றேன். உங்கள் வண்டிதானே, நீங்கள் சொன்னால் அந்தப் பெண் கேட்காதா என்றார்.

முன்பாதிதான் என்னுடையது என்றேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வா. டயலைக் கொஞ்சம் சீக்கிரம் திருப்புவது எப்படி என்று பேச வேண்டும். முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

டூகல்